அடிச்சவரோட ஒரே மேஜையில் உட்காரணுமா? விவாகரத்து வழக்கும் சமரச மையமும்

(போட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குப் பேசப்போற விஷயத்துல குடும்ப வன்முறை பற்றி நிறைய வரும். கஷ்டமா இருந்தா நிறுத்திட்டு அப்புறம் கேளுங்க. ஹெட்போன் இல்லாம வீட்ல கேட்கிறவங்க, பக்கத்துல யார் இருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

நமக்கு வர்ற கேள்விகள்ல ஒன்னு, வேற வேற வடிவத்துல திரும்பத் திரும்ப வருது. அடி தாங்க முடியாம வீட்டை விட்டு வெளிய வந்தாச்சு. விவாகரத்து மனு போட்டாச்சு. குடும்ப நல நீதிமன்றத்துல ஆரம்ப வாய்தாவிலேயே, "ரெண்டு பேரும் சமரச மையத்துக்குப் போய்ப் பேசிட்டு வாங்க"ன்னு அனுப்பறாங்க. போகணுமா? பேசணுமா? ஒத்துக்கலைன்னா கேஸ் தோத்துடுமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதல்லயே பதில் சொல்லிடறேன். சமரசத்துக்கு ஒத்துக்கலைங்கறதுக்காக யாரோட கேஸும் தோற்காது. சமரசம் நடக்கலைன்னா மையத்துல இருந்து நீதிமன்றத்துக்குப் போற அறிக்கையில 'தீர்வு ஏற்படவில்லை'ன்னு மட்டும்தான் இருக்கணும். யார் பிடிவாதம் பிடிச்சாங்க, யார் என்ன சொன்னாங்கங்கறது அதுல வரக்கூடாதுன்னு 2010லயே மோத்தி ராம் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால ஜட்ஜ் தப்பா நினைச்சுப்பாரோன்னு பயந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

மத்த ரெண்டு கேள்வியும் அவ்வளவு சுலபம் இல்லை.

'சமரசம்'ங்கற வார்த்தையிலயே ஒரு சிக்கல்

நீதிமன்றத்தோட இணைஞ்ச சமரச மையங்கள்ல சென்னை ஒரு முன்னோடி. 2005 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துல ஆரம்பிச்ச மையத்தைத்தான் இந்தியாவுல இந்த வகையில முதலாவதுன்னு சொல்றாங்க. பயிற்சி எடுத்த மத்தியஸ்தர் ஒருத்தர் நடுவுல உட்காருவார். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். ரெண்டு பக்கமும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவி பண்ணுவார். சொத்துத் தகராறு, செக் பவுன்ஸ் மாதிரி வழக்குகள்ல இது உண்மையிலேயே நல்லா வேலை செய்யுது.

ஆனா தமிழ்ல 'சமரசம்'னு சொன்னா நம்ம காதுல என்ன விழுது? சேர்ந்து வாழச் சொல்றாங்கன்னுதான் விழுது. நடைமுறையில அங்க மூணு தனித்தனி வேலை நடக்கலாம். ஒன்னு, சேர்த்து வைக்க முயற்சி பண்றது. ரெண்டு, பிரியறதுன்னு முடிவான பிறகு ஜீவனாம்சம், நகை, குழந்தை யார்கிட்ட இருக்கும்னு பேசித் தீர்க்கறது. மூணு, நடத்தையை மாத்தறதுக்கான ஆலோசனை, அதாவது கவுன்சலிங். மூணையும் ஒரே வார்த்தையால சொல்றதால, ஜீவனாம்சம் பேசப் போன பொண்ணுகிட்ட "குழந்தைக்காகவாவது ஒரு சான்ஸ் கொடுத்துப் பாரும்மா"ன்னு பேச்சு ஆரம்பிச்சா, அதுல எதுவும் தப்பா யாருக்கும் தெரியறதில்லை.

இது கோர்ட்டுக்கு வந்த பிறகு நடக்கறது மட்டும். அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு ரவுண்டு சமரசம் முடிஞ்சிருக்கும். முதல்ல சித்தப்பா, பெரியப்பா உட்கார்ந்து பேசுவாங்க. அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துல 'பெட்டிஷன் என்கொயரி' நடக்கும். "இனிமே கை வைக்க மாட்டேன்"னு எழுதி வாங்கிட்டு ரெண்டு பேரையும் ஒரே ஆட்டோவுல வீட்டுக்கு அனுப்புவாங்க. குடும்பத் தகராறுகள்ல எஃப்.ஐ.ஆர். போடறதுக்கு முன்னாடி பூர்வாங்க விசாரணை நடத்த 2013ல லலிதா குமாரி தீர்ப்பு இடம் கொடுத்திருக்கு. ஆனா அந்தத் தீர்ப்பு கொடுத்தது விசாரிக்க இடம்தான். சேர்த்து வைக்கிற வேலையை அது காவல் நிலையத்துக்குக் கொடுக்கலை.

அடியை விட சந்நியாசம் பெரிய காரணமா?

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். இந்து திருமணச் சட்டத்தோட 23(2) பிரிவு, விவாகரத்து கொடுக்கறதுக்கு முன்னாடி சேர்த்து வைக்க நீதிமன்றம் முயற்சி பண்ணணும்னு சொல்லுது. சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மதம் மாறினது, தீராத மனநோய், தொற்றக்கூடிய பால்வினை நோய், துறவறம் போனது, 7 வருஷமா உயிரோட இருக்காங்களான்னே தகவல் இல்லாதது. இந்தக் காரணங்கள்ல விவாகரத்து கேட்டா சேர்த்து வைக்கிற முயற்சி தேவையில்லை.

அந்தப் பட்டியல்ல கொடுமை இல்லை.

புருஷன் காவி கட்டிட்டு இமயமலைக்குப் போயிட்டார்னா சேர்த்து வைக்க முயற்சி வேண்டாம். ராத்திரி பெல்ட்டால அடிச்சார்னா முயற்சி பண்ணிப் பார்க்கணும். இதை முதல் தடவை படிச்சப்போ நான் திரும்ப ஒரு தடவை படிச்சேன். 'கொடுமை'ங்கற காரணத்துக்குள்ள மாமியார் சண்டையில இருந்து கொலை முயற்சி வரைக்கும் எல்லாம் அடங்கும், அதனால மொத்தமா விலக்கு கொடுக்க முடியாதுன்னு ஒரு வாதம் சொல்லலாம். சரி. ஆனா எது மாமியார் சண்டை, எது கொலை முயற்சின்னு பிரிச்சுப் பார்க்க சட்டம் தனியா ஒரு வழி எழுதி வைக்கலையே.

எல்லா மதத்தினருக்கும் பொருந்தற குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984, 9ஆவது பிரிவும் இதேதான். ஆரம்பத்துலயே தீர்வுக்கு முயற்சி எடுக்கணும். ஆனா ரெண்டு சட்டத்துலயும் ஒரு சின்னச் சொற்றொடர் இருக்கு. 'வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப, சாத்தியமான இடத்தில்'ங்கற பொருள்ல வரும். இதை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. நாம நுழையக்கூடிய கதவு இதுதான்.

நீதிமன்றங்களை சமரசத்துப் பக்கம் இன்னும் தள்ளினது, 2013ல கே.ஸ்ரீனிவாஸ் ராவ் வழக்குல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 498ஏ வழக்குகள்லயும் தீர்வுக்கு வாய்ப்பு தெரிஞ்சா சமரசத்துக்கு அனுப்புங்கன்னு சொன்னது இது. கணவர் மற்றும் அவர் உறவினர்கள் செய்யற கொடுமைக்கான அந்தப் பிரிவு, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 85ஆவது பிரிவா இருக்கு. இதனால 498ஏ-வோட வீரியம் குறையக்கூடாதுன்னும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கு. ஒரு விஷயம் கவனிங்க. அந்த வழக்குல, மனைவி கொடுத்த ஆதாரமில்லாத புகார்தான் கணவருக்கு மனக்கொடுமைன்னு சொல்லி அவருக்கு விவாகரத்து கொடுத்தாங்க. அடிபட்ட பொண்ணு ஒருத்தியோட கதையை முன்னாடி வெச்சு யோசிச்சு வந்த வழிகாட்டுதல் இல்லை அது. ஆனா இன்னைக்கு அது அடிபட்ட பொண்ணுக்கும் பொருந்துது.

அப்படிப்பட்டவங்க எவ்வளவு பேர்? 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல 18–49 வயசுல திருமணமான பெண்கள்ல 38.1 சதவீதம் பேர் கணவரோட வன்முறையை அனுபவிச்சதா சொல்லியிருக்காங்க. இந்திய அளவுல இது 29.3. விவாகரத்து கேட்டு வர்றவங்கள்ல இந்த விகிதம் குறைவா இருக்கும்னு நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால சமரச மேஜையில வன்முறை ஒரு அபூர்வ விஷயம்னு யாரும் சொல்ல முடியாது.

அந்த அறைக்குள்ள என்ன நடக்கும்?

கற்பனையா ஒரு காட்சி. மூணு நாற்காலி. மத்தியஸ்தர் நல்லவர், பொறுமையா கேட்கறவர். கணவர் இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான குரல். "சார், நான் தப்பே பண்ணலைன்னு சொல்லலை. கோபத்துல ஒன்னு ரெண்டு தடவை ஆயிடுச்சு." அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "அம்மா எப்படி இருக்காங்க? இப்பவும் தனியாத்தானே இருக்காங்க?"

மத்தியஸ்தருக்கு இது மரியாதையான குசல விசாரிப்பு. அவளுக்கு மட்டும்தான் அது என்னன்னு தெரியும். பிரிஞ்சு போனா உங்க அம்மாவை என்ன பண்றேன் பாருன்னு ஒரு ராத்திரி சொன்னது அவ காதுல கேட்கும். அந்த நிமிஷத்துக்கு அப்புறம் அவ சொல்ற "சரி" எதுக்குமே அர்த்தம் இல்லை. "ஜீவனாம்சம் வேண்டாம், விட்டா போதும்"னு சொல்லுவா. மத்தியஸ்தர் அதை 'இணக்கம்'னு குறிச்சுப்பார்.

சமரசத்தோட அடிப்படையே, ரெண்டு பேரும் 'முடியாது'ன்னு சொல்லக்கூடிய நிலையில இருக்காங்கங்கறதுதான். வருஷக்கணக்கா 'முடியாது'ன்னு சொன்னதுக்கு அடி வாங்கின ஒருத்தர்கிட்ட அந்த நிலை இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இதுக்கு மத்தியஸ்தர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்லை. அவர் நடுநிலையா இருக்கறதே பிரச்சினை ஆயிடுது. 'ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுங்க'ங்கறது நகைக்குப் பொருந்தும், அடிக்குப் பொருந்தாது. அவன் பாதி அடிக்கறதை விட்டுக் கொடுக்க, அவ பாதி புகாரை விட்டுக் கொடுக்கணுமா என்ன?

இந்த இடத்துல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. குடும்ப வன்முறைச் சட்டம், 2005, கீழ மாஜிஸ்ட்ரேட் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். ஆனா 2006 விதிகள்ல 14ஆவது விதி, அந்த கவுன்சலிங்ல தான் பண்ணின வன்முறைக்கு நியாயம் சொல்ல எதிர்த் தரப்புக்கு அனுமதி கிடையாதுன்னு சொல்லுது. "அவ வாயைத் திறந்தா அப்படி, அதனாலதான்"னு ஆரம்பிக்கவே கூடாது. இதை கவுன்சலிங் தொடங்கறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடணும்னும் இருக்கு. யாரோ நிஜமா அந்த அறையில உட்கார்ந்து பார்த்துட்டு எழுதின விதி மாதிரி இருக்கு. ஆனா இது அந்தச் சட்டத்து கவுன்சலிங்குக்கு மட்டும்தான். அதே தம்பதி, அதே அடி, விவாகரத்து மனுன்னு குடும்ப நல நீதிமன்றம் போனா இந்த விதி கூட வராது.

'பேக்கேஜ்' பேரம்

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மேஜையில என்னென்ன வைக்கறாங்கங்கறதுதான். பெரும்பாலும் சமரச ஒப்பந்தம் ஒரு பேக்கேஜா வரும். இவ்வளவு லட்சம் ஒரே தடவையா தர்றோம், பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடு, டி.வி. கேஸை வாபஸ் வாங்கு, 498ஏ வழக்கை உயர் நீதிமன்றத்துல ரத்து பண்ண ஒத்துழை. (டி.வி. கேஸ்னா குடும்ப வன்முறை வழக்கு. வக்கீல்கள் அப்படித்தான் சொல்லுவாங்க.)

இந்தப் பேக்கேஜ்ல பணமும் பாதுகாப்பும் ஒரே தட்டுல இருக்கு. குடும்ப வன்முறைச் சட்டத்துல கிடைக்கிற பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்டவர் தானே போய் நீக்கச் சொல்ற வரைக்கும் அமல்ல இருக்கும். அதை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டுமே. அதாவது அந்தப் பூட்டோட சாவி அவகிட்ட இருக்கு. பேக்கேஜ்ல கேட்கறது அந்தச் சாவியை. விவாகரத்து ஆனா தொல்லை நின்னுடும்னு நினைச்சுக் கொடுத்துடறாங்க. ஆனா பிரியற காலம்தான் பலருக்கு ஆபத்து கூடற காலம். குழந்தையைப் பார்க்க வர்ற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் வருவார் இல்லையா?

என் கருத்து இதுதான். பணம், நகை, சீர்ப்பொருள், வீட்டு அட்வான்ஸ், குழந்தையோட ஸ்கூல் ஃபீஸ், இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. அடி நடந்துச்சா, அவ பாதுகாப்பா இருக்கணுமாங்கறது பேசித் தீர்க்கற விஷயம் இல்லை. முதல்ல உத்தரவு, அப்புறம் பேச்சு. அந்த வரிசை மாறினா நடக்கறதுக்கு சமரசம்னு பேர் வைக்க முடியாது.

அப்போ கோர்ட்டே போதுமா?

இதுக்கு 'ஆமா'ன்னு சொல்றவங்க, அநேகமா குடும்ப நல நீதிமன்ற வராண்டாவுல ஒரு நாள் முழுக்க நின்னிருக்க மாட்டாங்க. குடும்ப வன்முறை மனுவை 60 நாளுக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. நிஜத்துல வாய்தா மேல வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் லீவு, வக்கீல் ஃபீஸ், கைக்குழந்தை. சாட்சிக் கூண்டுல ஏறினா படுக்கையறை விஷயம் வரைக்கும் குறுக்கு விசாரணை. சில பெண்கள் நல்லா யோசிச்சுத்தான், 'இதைவிட உட்கார்ந்து பேசி முடிச்சுக்கறேன்'னு வர்றாங்க. அவங்களைப் பார்த்து, "நீ பாதிக்கப்பட்டவ, உனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது"ன்னு சொல்றதும் இன்னொரு விதமான அதிகாரம்தான்.

கோர்ட் தானாவே பாதுகாப்பான இடமும் இல்லை. 2019 மார்ச்சுல சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துல இருக்கற குடும்ப நல நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு கணவர் தன் மனைவியைக் கத்தியால குத்தினார். விசாரணைக்கு வந்த இடத்துல.

வெளிநாடுகள்ல இதை எப்படிக் கையாளறாங்க? ஐரோப்பாவுல 2011ல உருவான இஸ்தான்புல் உடன்படிக்கையோட 48ஆவது பிரிவு, பெண்கள் மீதான வன்முறை வழக்குகள்ல கட்டாய சமரசத்தைத் தடை பண்ணணும்னு சொல்லுது. நல்லா கவனிங்க, சமரசத்தையே தடை பண்ணலை, 'கட்டாயம்'ங்கறதைத்தான். இந்தியா அதுல சேரலை. கலிஃபோர்னியாவுல குழந்தைப் பொறுப்பு தொடர்பான சமரசம் பொதுவாகக் கட்டாயம். ஆனா வன்முறை நடந்திருந்தா, பாதிக்கப்பட்டவர் கேட்டா, மத்தியஸ்தர் ரெண்டு பேரையும் தனித்தனியா, வேற வேற நேரத்துலதான் சந்திக்கணும். அவர் கிளம்பின பிறகு இவர் வரலாம். பார்க்கிங்லகூட சந்திக்க வேண்டாம். இதுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. நம்ம ஊர்லயும் வேற வேற நாள்ல வரச் சொன்னா முடிஞ்சது. வீடியோ கால்லயும் பண்ணலாம், ஆனா அவ எங்கிருந்து பேசறாங்கறது ஸ்க்ரீன்ல தெரியாம பார்த்துக்கணும்.

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ இந்த நிலைமை வந்தா

சமரசத்துக்கு அனுப்பற அன்னைக்கே, வன்முறை நடந்திருக்குன்னு வக்கீல் மூலமா எழுத்துல சொல்லுங்க. வாயால சொன்னா அது பதிவாகாது. அந்த 'வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப'ங்கற சொற்றொடரை அந்த மனுவுல குறிப்பிடச் சொல்லுங்க. சமரசமே வேண்டாம்னும் கேட்கலாம், தனித்தனி அறை, தனித்தனி நேரம்னும் கேட்கலாம்.

பாதுகாப்பு உத்தரவு இன்னும் வாங்கலைன்னா, அதுக்காக வேற கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தோட 26ஆவது பிரிவுப்படி, விவாகரத்து நடக்கற அதே குடும்ப நல நீதிமன்றத்துலயே கேட்கலாம். பாதுகாப்பு, அதே வீட்ல தங்கற உரிமை, பணம் எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு மாவட்டத்துலயும் சமூக நலத் துறையில பாதுகாப்பு அலுவலர் இருக்கார், மனு போட அவரும் உதவணும்.

அவரோட சம்பளம், சொத்து என்னன்னு தெரியாம தொகை பேசாதீங்க. 2020ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புல, ஜீவனாம்ச வழக்குன்னா ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. முதல்ல அந்தப் பேப்பர் வரட்டும், அப்புறம் நம்பர் பேசலாம். "ஐ.டி.ல இருக்கேன், ஆனா ப்ராஜெக்ட் இல்லை, பெஞ்ச்ல இருக்கேன்"னு வாயால சொல்றதை வெச்சு 20 வருஷத்துக்கான கணக்கை முடிச்சுடாதீங்க.

ஒப்பந்தம் எழுதினா, பாதுகாப்பு உத்தரவை வாபஸ் வாங்கற வரி எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. இருந்தா, அதை மட்டும் எடுக்கச் சொல்லலாம். பணம் தவணையா வரும்னா, கடைசித் தவணை கைக்கு வர்ற வரைக்கும் எந்த வழக்கும் வாபஸ் இல்லைன்னு எழுதச் சொல்லுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடணும்னு யாராவது அவசரப்படுத்தினா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வர்றேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

'ஆண்களுக்கு இதெல்லாம் கிடையாதா?'ன்னு கமெண்ட்ல வரும், தெரியும். குடும்ப வன்முறைச் சட்டத்துல மனு போடறது பெண்கள் மட்டும்தான். ஆனா கொடுமைன்னு சொல்லி விவாகரத்து கேட்கறது, தனித்தனியா உட்கார வைங்கன்னு கேட்கறது ரெண்டும் ஆண்களும் பண்ணலாம். பயந்து போட்ட கையெழுத்து யாரோடதா இருந்தாலும் பிரச்சினைதான்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லைன்னா, சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு கூப்பிட்டா மாவட்ட ஆணைக்குழுவைப் பற்றிச் சொல்லுவாங்க. அவசரம்னா பெண்களுக்கான 181, எந்த நேரமும் கூப்பிடலாம். உங்க போனை வேற யாராவது எடுத்துப் பார்ப்பாங்கன்னா, கூப்பிட்டு முடிச்சதும் கால் லிஸ்ட்ல இருந்து அந்த நம்பரை அழிச்சுடுங்க. இல்லைன்னா ஆபீஸ்ல தோழியோட போன்ல இருந்து கூப்பிடுங்க.